விஜயலெட்சுமிக்கு ஓர் ஓய்வு

“பரவாயில்லைங்க சேர், போன்ல பேசிட்டே வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

சார்ஜன்ட் ஸாஹிர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். பொலிஸ் நிலையத்து அறை சின்னது, எனக்குக் கேட்டது. “உம்மாவ தனிய தூக்க வேணாம் ஸுபைரா. நான் வந்து புடிக்கிறன்.” பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏன் செய்தீர்கள் என்று மறுபடியும் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அப்படிப்பட்டவரிடம் ஒளிக்காமல் சொல்வதுதான் நியாயம்.

என் பெயர் தவமணி. பெரகலைக்கு மேலேயுள்ள தோட்டங்களில் ஓர் உதவி நிலையத்துக்காக வீடு வீடாகப் போகிறேன். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, படுத்திருப்பவர்களுக்கு மெத்தை, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள். அந்த ஆள் நான்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் என்னை மிஸ் என்பார்கள்.

விஜயலெட்சுமியின் மகன் நிமலனுக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் சொன்னபடி கேட்காது, பேச்சும் வரவில்லை. மீசை முளைத்த பிள்ளையை அவள் முதுகில் சுமந்துபோய்க் குளிப்பாட்டுவாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாள். கொழுந்து எடுக்கிற இடத்திலிருந்து நடுவில் இறங்கி வந்து, அவனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி மலையேறுவாள். ஒருமுறை என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி தூங்கிவிட்டாள். கண் திறந்தே இருந்தது.

நிலையத்தில் சொன்னேன். பராமரிப்பவர்களுக்கும் திட்டம் இருக்கிறது என்றார்கள். பதுளையில் ஒரு மண்டபத்தில், ‘ஓய்வும் ஓர் உரிமை’ என்று ஒருநாள் கூட்டம். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். அவர்கள் யாரும் களைப்பாக இல்லை. கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள், நினைத்துக்கொண்டார்கள். விஜயலெட்சுமியால் வர முடியவில்லை. அவளுக்கு வேறு என்ன தரலாம் என்று கேட்டேன். மற்ற உதவியெல்லாம் உடம்பில் குறையுள்ளவர்களுக்கு, அவளுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

இதைப் போய்ச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

“அப்ப எனக்கும் ஒரு கால் ஒடஞ்சாத்தான் மிஸ் கொஞ்சம் படுக்கலாம் போல.”

வேறு யாராவது என்றால் வேடிக்கை என்று விட்டிருப்பார்கள். நான் அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டேன். தேவை என்னவென்று அவர்கள் வாயாலேயே சொல்ல விட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிப்பது பீலியில். மலையிலிருந்து தண்ணீர் வந்து விழும் அந்த இடத்துக்கு ஏற, சாய்ந்த கல்லொன்று கிடக்கும். அந்தியில் கடைசிக் குடம் போன பிறகு, அந்தக் கல்லில் சலவைச் சோப்பைத் தேய்த்தேன். விடியற்காலையில் முதலில் வருகிறவள் விஜயலெட்சுமிதான், ஆகவே மற்ற யாருக்கும் ஆபத்தில்லை. யோசிக்காமல் நான் எதையும் செய்வதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வாயைத் திறந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கினாள். கட்டிலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில். இடுப்பெலும்பு சரியாகக் கூடாது, இனி நடப்பது கஷ்டம் என்றார்கள். நிரந்தர ஓய்வு. அவளுக்கு நாற்காலி கிடைத்தது, மெத்தை கிடைத்தது, நான் கிடைத்தேன்.

தாயையும் மகனையும் பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை யசோதினி புருஷனோடு வந்து சேர்ந்தாள். கொஞ்ச காலத்தில் அவளும் நின்றபடி தூங்கத் தொடங்கினாள். கண்டும் காணாமல் போக எனக்கு வராது. அவள் விழுந்தது அவர்கள் குடியிருந்த காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையின் படியில். கையும் தோளும் போயின. புருஷன் ஜெயகுமார் மூன்று பேருக்கும் சோறாக்கத் தொடங்கினான். அவன் முகமும் வாடிக்கொண்டு வந்ததைக் கவனித்து வைத்திருந்தேன். மாகாணத்திலேயே இவ்வளவு உதவி போய்ச் சேர்ந்த லயம் வேறில்லை என்று நிலையத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

தவறு என்றால் ஒன்றுதான். நிமலனின் நாற்காலியைப் பீலி தெரிகிற பக்கமாக இஸ்தோப்பில் நிறுத்தச் சொன்னவள் நானேதான். வெளிச்சம் அவனுக்கு நல்லது. தாய் விழுந்த நாளிலிருந்து என்னைக் கண்டாலே அலறுவான். பாசம் என்று நினைத்தேன்.

கடைசியாகப் போன அன்று, வளைந்த விரலை என் பையின் வாரில் கொளுவி இழுத்துவிட்டான். சோப்பு தரையில் விழுந்தது. அவன் சோப்பைப் பார்த்தான், பீலியைப் பார்த்தான், திரும்பவும் சோப்பைப் பார்த்தான். ஜெயகுமார் அரிசிச் சட்டியை இறக்கி வைத்தான்.

“எங்க வீட்டுக்கு வர்றப்ப நீங்க எதுக்கு மிஸ் சோப்பு கொண்டாறீங்க?”

நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு, வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு. இப்போது ஜெயகுமார் ஒற்றை ஆளாக எல்லோரையும் பார்க்கிறான், அவனுக்கு உதவ நான் வெளியில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுத வேண்டாம் என்றேன். என் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் நானும் அப்படியொரு கல்லில் ஏறித்தான் தண்ணீர் பிடித்தேன். எனக்காக யாரும் அதில் சோப்புத் தேய்க்கவில்லை.

போன் கவிழ்ந்தபடியே மேசையில் அதிர்ந்தது. யாரென்று இருவருக்கும் தெரியும். அவர் அதைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க சேர், பாவம் அவங்க. எத்தன நாளைக்குத்தான் தனியா தூக்குவாங்க? எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வீட்டுல குளிக்கிற எடத்துல தரை சீமெந்தா, டைல்ஸா?”