பெலவேந்திரர் கொடி

பேர்ள்: இஞ்சேருங்கோ... இதென்ன கொடி?

நொயல்: எது?

பேர்ள்: எதோ! நாளைக்குப் பவனியில தூக்கச்சொல்லி கோயில் ஒஃபிஸில இருந்து தந்துவிட்டது. நீலத் துணியில வெள்ளையாப் பெருக்கல் அடையாளம். ஸ்கொட்லாந்துக் கொடியாம்.

நொயல்: ஓம்... வடிவாத்தான் இருக்கு.

பேர்ள்: வடிவோ? ஒவ்வொரு நாட்டுச் சனமும் தங்கட கொடியோட வரும். மன்னார் மனுசன் மட்டும் இந்த வெளிநாட்டு மல்கிரேவுக்கு வந்து ஸ்கொட்லாந்துக்காரன்! "அங்கிளுக்குப் பாவாடையும் வேணுமோ" எண்டு பக்கத்து வீட்டு நிரஞ்சலா போன் எடுத்துக் கேக்கிறாள்.

நொயல்: இடுப்பளவு சொன்னனீரோ?

பேர்ள்: பகிடி விடாதேங்கோ. பவனிக்குக் குடுத்த ஃபோமில என்ன எழுதினனீங்கள்?

நொயல்: உங்கட பாதுகாவலரான புனிதர் ஆரெண்டு கேட்டிருந்தது. பெலவேந்திரர் எண்டு...

பேர்ள்: தமிழிலயோ?

நொயல்: அவங்களுக்கு விளங்கவேணுமே. அவற்ற இங்கிலீஸ் பேரை, சென்ட் அன்ட்ரூ எண்டு எழுதினனான்.

பேர்ள்: என்ர ஆண்டவரே! அன்ட்ரூ ஸ்கொட்லாந்துக்குப் பாதுகாவலர். இந்தக் கொடியில கிடக்கிறதே அவற்ற சிலுவைதான்.

நொயல்: அது எனக்கென்ன தெரியும்?

பேர்ள்: ஊரெல்லாம் எங்கட மன்னார் மடு மாதா எண்டு எழுத...

நொயல்: எழுதினால் அந்த நாட்டுக் கொடியெண்டு சிங்கக் கொடி தருவாங்கள். அதை நான் தூக்கமாட்டன்.

பேர்ள்: அப்ப ஒண்டும் தூக்கவேண்டாம். சும்மா நடவுங்கோ. விடியவே இதைத் திருப்பிக் குடுக்கிறன்.

நொயல்: தொடாதேயும்.

பேர்ள்: சனம் சிரிக்குமப்பா!

நொயல்: சிரிக்கட்டும். கொடியை வையும் எண்டுறன்.

பேர்ள்: என்ன பிடிவாதம் இது? உங்களுக்கும் அந்தப் பெலவேந்திரருக்கும் என்ன...

நொயல்: எங்கட பெடிக்கு என்ன பேர் வைச்சனாங்கள்?

பேர்ள்: அவற்ற பேர்தான்... அதை இப்ப ஏன் எடுக்கிறீங்கள்?

நொயல்: அவன் சண்டையில காணாமப் போய்ப் பதினாறு வருசம். இந்த வீட்டில அந்தப் பேரை ஆரும் சொல்லுறதில்லை. ஒரு ஃபோமிலயாவது எழுதுவம் எண்டு...

பேர்ள்: என்னட்டச் சொல்லியிருக்கலாமே.

நொயல்: உம்மட்டயோ? நீர்தான் அவன் செத்திட்டான் எண்டு முடிவெடுத்திட்டீரே.

பேர்ள்: ஆர் சொன்னது?

நொயல்: ஃபாதர். வாய்தவறிச் சொல்லிப்போட்டார். வருசா வருசம் எனக்கு ஒளிச்சு அவனுக்குப் பூசை குடுக்கிறீராம்.

பேர்ள்: எந்த நாளில எண்டும் கேட்டிருக்கலாமே, மனுசா! நவம்பர் முப்பது. பெலவேந்திரர் திருநாள், அவன்ர பேர்நாள். செத்தவைக்கெண்டு ஒருநாளும் குடுக்கேல்ல... "பேர்நாள் கொண்டாடுற மகனுக்கு" எண்டுதான் எழுதிக் குடுக்கிறனான்.