அணுகுண்டுகளை ஒரே கோலால் அளந்த அக்காவுக்கு

அஞ்சா நெஞ்சும் அயராக் கையும் கொண்ட அன்பு அக்கா! அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளின் இருப்பையும் ஆண்டுதோறும் அலசி, அட்டவணையாக்கி, அகிலத்தின் முன் வைத்த ஆய்வுச் சுடரே! எந்த எண்ணுக்கு முன்னும் ‘சுமார்’ என்று போடாமல் விடாததால் எங்கள் வாயில் ‘சுமார் அக்கா’ ஆகிப்போனவரே! வணக்கம்.

இன்று ஓய்வு பெறும்வரை இந்த ஆய்வுப் பிரிவில் முப்பத்தோராண்டு! உலகின் குண்டுகள் எழுபதாயிரத்தை எட்டி இறங்கிய கதையையும், அந்த இறக்கம் மந்தமாகிச் சில நாடுகளில் மீண்டும் ஏறத் தொடங்கிய கதையையும், மாடி மூலையறையில், மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி காகிதத்தின் மேல் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு எழுதினீர்கள். “யாரு மேடம் ஃபர்ஸ்ட்?” என்று செய்தியாளர்கள் கேட்டால், “இது என்ன ஓட்டப்பந்தயமா தம்பி?” என்று ஒரு போடு போட்டுவிட்டு, அரைமணி நேரம் விளக்குவீர்கள். அதுவரை எங்கள் கோப்புகள் உங்கள் மேசையில் தூங்கும். அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

ஆறாண்டுகளுக்கு முன் அரசு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பக்கத்து நாடு பிரித்துப் போடுவதற்காக ஒதுக்கிய பழைய குண்டுகளையும் அதன் கணக்கில் சேர்க்க வேண்டுமாம்; நாம் அப்படி ஒதுக்கியவற்றை நம் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். அவர்கள் பூதமாகத் தெரிந்தால்தானே நாம் புதிதாகச் செய்து குவிக்கலாம்! “அவங்களுக்குச் சேர்த்தா நமக்கும் சேர்க்கணும் சார். ஆளுக்கொரு அளவுகோல் என்கிட்ட இல்ல” என்று இயக்குநரிடம் உறுதியாக நின்றீர்கள். மறுப்புக் கடிதம் எழுதி, எங்கள் எட்டுப் பேரிடமும் கையெழுத்துக் கேட்டீர்கள். ஒருவருக்குப் பேனா எழுதவில்லை. ஒருவருக்குத் திடீர்ப் பல்வலி. மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தோம். உங்கள் ஒற்றைக் கையெழுத்தோடு கடிதம் போயிற்று. பொய் அட்டவணை வெளிவராமல் நின்றது. ஆனால் உங்கள் பதவி உயர்வும் போய், இரண்டாண்டு நூலகத்து நிலவறையில் கிடந்தீர்கள்.

புது இயக்குநர் உங்களைத் திரும்ப அழைத்து வந்த அன்று எங்களால் முகம் கொடுக்க முடியவில்லை. நீங்களோ, “விடுங்கப்பா, பிள்ளைகுட்டிக்காரங்க நீங்க. டீ ஆறுது, குடிங்க” என்றீர்கள். அக்கா, அந்த டீயைத் தலைகுனிந்தே குடித்தோம். வெட்கமாக இருந்தது. நன்றியாகவும் இருந்தது. இத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லாததை, சபையறிய, கண்ணாடிச் சட்டம் போட்ட இம்மடலில் சொல்கிறோம்: எங்களை மன்னியுங்கள். எங்களை வெறுக்காமல் விட்டதற்கு நன்றி.

இன்னொன்றும் உண்டு. போன வாரம் அதே கோரிக்கை மறுபடி வந்தது; நீங்கள் ஓய்வு பெறும் நாளைப் பார்த்தே அனுப்பியிருக்கிறார்கள். உங்களிடம் வேண்டுமென்றே மறைத்தோம். தெரிந்திருந்தால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாடியேறியிருப்பீர்கள். மறுப்பை இம்முறை நாங்களே எழுதினோம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று சின்னதாக ஓர் அடிதடியே நடந்தது. எட்டுப் பேரும் போட்டோம். இன்று காலை அனுப்பியாயிற்று.

நிறைந்த ஆயுளும் நீங்கா நலமும் பெற்று, நெஞ்சார நிம்மதியாக வீட்டில் இருங்கள் அக்கா. நாளை எங்களை எங்கே தூக்கியடிப்பார்கள் என்று தெரியாது. எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போகிறோம்.

என்றும் உங்கள்,
ஆய்வுப் பிரிவின் எட்டுப் பேர்