ஒத்தக்கல் சுவரு

காதுல பூ சுத்தாதீங்க மேஸ்திரி. சுவத்துல தண்ணி தானா மேல ஏறும்னு சொன்னா யாரு நம்புவா? ஊத்தியிருக்கா. அந்தப் பக்கம் நின்னு வேணும்னே ஊத்தியிருக்கா. யாரா? என் தங்கச்சிதான், வேற யாரு. எங்கம்மா வீட்ட ரெண்டாப் பிரிச்சப்போ நடுவுல எழுப்பின சுவரு இது. ஒத்தக்கல்லு, ஒரு செங்கல் கனம்தான். அன்னையிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

என்ன அது, உடைஞ்ச செங்கல்லா? அத எதுக்குத் தட்டுத் தண்ணியில நிறுத்துறீங்க, வித்தை காட்டவா? ம்... ஏறுது. சரி, ஏறத்தான் செய்யுது. கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அது வழியா உறிஞ்சிக்கிட்டே போகும்ங்கிறீங்க. எல்லாம் தரையில உள்ள ஈரம், அவ ஊத்தலங்கிறீங்க. ஏன் மேஸ்திரி, அவ ஏதாவது சொல்லிக் குடுத்தாளா உங்களுக்கு? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. எனக்கு யாரையும் சட்டுனு நம்பிப் பழக்கமில்ல.

அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. சுவரு முழுக்க இடுப்பு உயரம் ஈரம். இந்த இடம் மட்டும் போன வாரம் வரைக்கும் எப்படிக் காஞ்சு கிடந்துச்சு? சுத்தி உப்புப் பூத்திருக்கு பாருங்க. ஆங், அதேதான் நானும் நெனச்சேன். சூடு. அவ நூலுக்குச் சாயம் காய்ச்சுறா, அந்த அடுப்பு இந்தச் சுவர ஒட்டித்தான் இருக்கு. விடிஞ்சதும் பத்த வச்சா, பொழுது சாயுற வரைக்கும் எரியும். ஏறி வர்ற ஈரம் ஆவியாப் போயிடும், உப்பு மட்டும் தங்கிடும். நான் காலையில எழுந்ததும் இங்க கைய வச்சுப் பாப்பேன். ஈரம் பாக்கத்தான், வேற எதுக்கு? கதகதன்னு இருக்கும். எழுந்துட்டா மகராசின்னு என் வேலையப் பாக்கப் போயிடுவேன்.

இப்பத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருக்குல்ல? உப்புகூட நமத்துப் போச்சு. மொதல்ல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் பக்கம் நனஞ்சு நாசமாப் போகட்டும்னே அடுப்ப அணைச்சிட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சேன். செய்யக்கூடியவதான். அப்புறம் ஊருக்கு எங்கயாவது போயிட்டாளோன்னு தெருவுல நின்னு எட்டிப் பாத்தேன். வாசல்ல பூட்டு இல்ல மேஸ்திரி. உள்ளதான் இருக்கா, தனியா.

பூச்சு கிடக்கட்டும், அதுக்கா உங்களக் கூப்பிட்டேன்? நான் போய்த் தட்டினா சண்டைக்கு வந்திருக்கேன்னு திறக்க மாட்டா. நீங்க போங்க. சுவத்துல ஈரம் பாக்கணும்னு சொல்லிக் கூப்பிடுங்க. திட்டினா சந்தோஷமா வாங்கிக்கிட்டு வாங்க. உள்ளேருந்து சத்தமே வரலேன்னா... எனக்குப் பயமா இருக்கு. கதவ உடைச்சிடுங்க. நானும் பின்னாலயே வர்றேன்.