ஒச்சம்மா குடிச்ச முதல் மடக்கு

இது இன்னைக்கு நேத்துக் கதை இல்லப்பா. இந்த மலையடிவாரத்துல செவக்காட்டூர்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம ஊருதான் அது, நம்ம வம்சத்துப் பொம்பளதான் அவ. உம் கொட்டிக்கிட்டே கேளுங்க. நீங்க வாய மூடுனா எனக்குக் கண்ணு சொக்கிரும்.

ஒரு கார்த்திகையில விடாம மழை பேஞ்சு கம்மாக்கரை உடைஞ்சு போச்சாம். உடைப்ப அடைக்கலைன்னா வெள்ளாமை போச்சு, இன்னொரு மழை வந்தா ஊரே போச்சு. வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு ஊருக்குத் தலைவரு அம்பலகாரர் சொல்லிட்டாரு. ஒச்சம்மா வீட்டுல அவள விட்டா ஆளு ஏது? புருசன் போய்ச் சேந்து வருசம் நாலு ஆச்சு. அவளே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாளாம்.

இடுப்பளவு தண்ணியில நின்னு மண்ணப் போட்டாக, போட்டாக, போட்டுக்கிட்டே இருந்தாக. ரெண்டே நாளுல ஊரு பூரா இருமலு. ஆறிப்போன கஞ்சி, ஈரத்துணி, ஒருத்தருக்கும் வயிறு சரியில்ல. அம்பலகாரரு பாத்தாரு.

"ஏத்தா ஒச்சம்மா, இஞ்சித் தண்ணி ஒன் கையால காச்சுனாத்தான் இருமலு கேக்கும். நீ மண்ணு சொமக்க வேணாம். அடுப்ப மட்டும் பாரு."

மட்டும்னாராம். கேட்டீகளா அந்த மட்டும்ங்கிறத?

விடியுறதுக்கு முந்தி எந்திரிக்கணும். மலையிலேருந்து பொதிமாட்டுல எறங்குன இஞ்சி, மண்ணு போகக் கழுவணும். சிரட்டைச் சில்ல வச்சு தோலைச் சொரண்டணும், தோலோட போட்டா ஆகாதுன்னு அவளுக்குப் பிடிவாதம். அப்புறம் தட்டணும். மல்லியும் மிளகும் வறுத்துப் பொடிக்கணும். ஈர வெறகு, ஊதி ஊதி நெஞ்சு வத்திப்போகும். கருப்பட்டி போட்டுக் கொதிக்கவிட்டு, பானையச் சொமந்துக்கிட்டு கரை நெடுக நடக்கணும். அது முடிஞ்சா கஞ்சிக்கு இஞ்சித் தொவையலு. அது முடிஞ்சா மோருக்கு இஞ்சி. அது முடிஞ்சா மறுபடியும் தண்ணி. ரெண்டு கையும் எந்நேரமும் தீயில வச்ச மாதிரி காந்துமாம்.

கரையில நிக்கிற ஆளுக என்ன சொல்லுவாக? "ஒனக்கென்னத்தா, குளிரு காயிற வேல!" சொல்லிட்டுச் சிரிப்பாக. அவளும் சிரிச்சு வைப்பா. சிரிக்காம என்ன செய்ய?

அப்பவெல்லாம் ஊருக் கட்டு ஒண்ணு இருந்துச்சாம். காச்சுறவ கடைசியிலதான் குடிக்கணும். கடைசியில பானையில என்ன இருக்கும்? சக்கைதான் இருக்கும். அந்தச் சக்கையப் பிழிஞ்சு நாக்க நனைச்சுக்கிட்டு அடுத்த பானைய ஏத்துவா. ஊருக்கு இருமலு நின்னுச்சு, ஒச்சம்மாவுக்கு ஆரம்பிச்சுச்சு. முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு இருமுனாளாம்.

அவ அடுப்புப் பாக்க வந்து ஒம்பதாம் நாளு. உடைப்பு அடையிறதுக்கு இன்னும் ஒரு ஆளு அகலந்தான் பாக்கி. மலை மேல மேகம் இறங்கிருச்சு. ஒச்சம்மா பானையோட வந்தா. ஒடம்பு கொதிக்குது, காலு எங்க படுதுன்னு அவளுக்கே தெரியல. அம்பலகாரரு கைய நீட்டுனாரு. அவ அகப்பைய முக்குனா. முக்கி, தன் வாயிலயே வச்சு, மடக்கு மடக்குன்னு குடிச்சுப்புட்டா!

"என்னத்தா இது! பானையவே எச்சிப் பண்ணிட்டியே!"

"பண்ணிட்டேன்ணே," ன்னாளாம். "ஒம்பது நாளா நீங்க குடிச்சது இஞ்சியவா? என்னையத்தான் குடிச்சீக. எனக்குக் காச்சலு கொதிக்குது, என்னால முடியல. வேணுங்கிறவுக மொண்டு குடிங்க." சொல்லிட்டு அந்தக் கரைமேட்டுலயே சாஞ்சுட்டா.

ஒருத்தரும் நகரல. பானை ஆவி பறக்குது, மழை தூறுது, பூராப் பேரும் நடுங்கிக்கிட்டு நிக்கிறாக. அப்ப ஒருத்தி எறங்கி வந்தா. யாரு? அம்பலகாரரு பொஞ்சாதி பேயம்மாதான். புருசன ஏறிட்டும் பாக்கல. அந்த எச்சி அகப்பையிலயே முக்கிக் குடிச்சா. "சூடு குறையலப்பா, வாங்க," ன்னா. அம்பலகாரரு தலையக் கவுத்துக்கிட்டு ரெண்டாவதா வந்தாராம். அப்புறம் எல்லாரும் குடிச்சாக, பெருமழைக்கு முன்ன உடைப்பையும் அடைச்சாக.

ஒச்சம்மா எந்திரிக்கல. வீட்டுல கொண்டாந்து போட்டாக. ரெண்டு நாளு கண்ணத் தொறக்கலையாம். செத்துப் போயிருவாளோன்னு ஊரே வாசல்ல நின்னுச்சு. இம்புட்டு நாளா எங்கடா நின்னீக, வெக்கங்கெட்டவங்களா? கதைதான், ஆனாலும் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோவம் வருது.

மூணாம் நாளு கண்ணு முழிச்சா. எதுக்க பேயம்மா, கையில ஒரு கும்பா நெறைய இஞ்சித் தண்ணி. காச்சித் தெரியாத கை, சொரண்டுனதுல வெரலு பூராச் செவந்து கெடக்கு. "குடி மதினி," ன்னு நீட்டுறா. ஒச்சம்மா அந்த வெரலையே பாத்தா. கும்பாவ வாங்கல.

"நீ குடிச்சியா?" ன்னு கேட்டாளாம்.

பேயம்மா ஓன்னு அழுதுட்டா.

அன்னையிலேருந்து இன்னவரைக்கும் செவக்காட்டூருல, இஞ்சித் தண்ணிய யாரு காச்சுனாலும் முதல் மடக்கு அவுகளுக்குத்தான். ஏந்துற ஆளு, "நீ குடிச்சியா?" ன்னு கேட்டுட்டுத்தான் ஏந்தணும். கேக்காம நீட்டுன கைக்கு ஊத்த மாட்டாக, அது அம்பலகாரர் கையா இருந்தாலும் சரி.