மரத்தடிப் பனி

— நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, சஹானா. அந்தக் காட்டுல பனி எப்போ கரையும்? அதுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து வெச்சுண்டு உட்கார்ந்துட்டே.

— காட்டுல எந்த இடம்னு சொன்னாதானே, ப்ரீதி, நான் பதில் சொல்ல முடியும். பத்தடி தள்ளினா பனி கரையிற நாளே மாறிடும்.

— பனின்னா பனிதான்டி. வெயில் வந்தா கரையும். அவ்வளவுதான்.

— அப்படின்னா எங்க ஆபீஸ்ல எனக்கு எதுக்கு சம்பளம் குடுக்குறாங்க? வருஷா வருஷம் ஹிமாச்சலுக்குப் போய் மரத்துக்கு நடுவுல குச்சி நட்டுப் பனியை அளந்துட்டு வர்றேனே, எதுக்கு? முதல்ல மோதிரம் எங்க விழுந்துச்சு, அதைச் சொல்லு.

— ஷ்ரேயஸ்கிட்ட சொன்னதுதான். பிப்ரவரி டிரெக்ல, காட்டுக்கு நடுவுல ஒரு பெரிய வெட்டவெளி. அங்க எல்லாரும் பனியை உருட்டி அடிச்சுண்டோம். கேம்ப்புக்கு வந்து பாத்தா விரல்ல மோதிரம் இல்ல.

— நிச்சயதார்த்த மோதிரத்தைப் போட்டுக்கிட்டு யாராச்சும் மலை ஏறுவாங்களாடி?

— கழட்டக் கூடாதுன்னு ஷ்ரேயஸோட அம்மா விசாலாக்ஷி மாமி சொல்லியிருந்தா. அது மாமியோட அம்மா போட்டுண்ட மோதிரமாம். இப்போ அது கிடைச்சாதான் முகூர்த்தம் பாப்பேன், அது வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்காதேன்னு பிள்ளைகிட்ட கண்டிஷனா சொல்லிட்டா. அவன் எங்கேயோ மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்துட்டான். வெள்ளிக்கிழமை ரயில் ஏறறான். கிளம்பறதுக்குள்ள உன் ஃப்ரெண்டைக் கேட்டுண்டு வான்னு என்னை விமான் நகர்ல உன் வீடு வரைக்கும் துரத்திட்டான்.

— டிரெக் போட்டோ பூராவும் எனக்கு அனுப்பியிருக்கான். உன் மேல உயிரா இருக்கான்டி.

— ரொம்ப நல்லவன். அதுதான் கஷ்டம்.

— என்ன கஷ்டம்?

— ஒண்ணுமில்ல. இதோ பாரு, ஜூன் வரைக்கும் பனி இருக்கும்னு சொல்லிடேன். அவன் எதுக்கு மலையில தனியா அலையணும்?

— எப்படிச் சொல்றது? இந்த வெட்டவெளியைப் பாரு. நாள் பூராவும் வெயில் அடிக்கிற இடம். இப்போ ஏப்ரல், இங்க புல்லே முளைச்சிருக்கும்.

— அப்போ அங்க தேடிட்டு இல்லேன்னு திரும்பி வந்துடுவான்.

— என்னடி, கிடைக்காதுன்னே முடிவு பண்ணிட்டியா? கல்யாணம் தள்ளிப்போச்சேன்னு உனக்கு வருத்தமே இல்லையா?

— உண்மையைச் சொல்லட்டுமா? முகூர்த்தம் நின்னு போனதுலேர்ந்து நன்னா தூங்கறேன். அதை நினைச்சாதான் பயமா இருக்கு.

— டென்ஷன் குறைஞ்சிருக்கும். என் அக்கா கூட அப்படித்தான் சொன்னா. சரி, இதைக் கேளு, இங்கதான் வேடிக்கை. அடர்ந்த காட்டுல ரெண்டு மூணு மரம் விழுந்து ஒரு சின்ன இடைவெளி வருதுன்னு வெச்சுக்க. மேல பாத்தா கொஞ்சம்போல வானம் தெரியும். தடுக்கக் கிளை இல்லாததால பனி நேரா தரைக்கு வரும். ஆனா சுத்தி நிக்கிற மரம் வெயிலை மறைச்சிடும். அதனால காட்டுலயே அங்கதான் ரொம்ப நாள் பனி கிடக்கும்.

— மரத்தடியில அதைவிட ஜாஸ்தி கிடக்குமில்லையா? அதாவது, அங்க முழு நிழல்.

— எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. மரத்தடியில சீக்கிரமே போயிடும்.

— வெயிலே படாத இடத்துல எப்படிப் போகும்?

— எந்திரி, பால்கனிக்கு வா. வெயில் இறங்கிடுச்சா? இப்போ இந்தச் சுவர்கிட்ட கையைக் கொண்டு போ. தொடாதே.

— அப்பா, அனல் அடிக்கறது. அடுப்புகிட்ட நிக்கற மாதிரி.

— பகல்ல வாங்கின சூட்டை இப்போ வெளிய விடுது. அந்தக் காட்டுல இருக்கிற தேவதாரு மரமும் அப்படித்தான். மேல வெயிலை வாங்கி வாங்கி மரமே சூடாகி, அந்தச் சூட்டைக் கீழ இருக்கிற பனி மேல விடும். அதோட, விழற பனியில பாதி கிளையிலயே தங்கிப் போயிடுது, தரைக்கு வர்றதே கொஞ்சம்தான். அடிமரத்தைச் சுத்திக் குழி மாதிரி இறங்கி மண்ணு தெரியும். நானே எத்தனையோ பாத்திருக்கேன்.

— எல்லா மரத்துக்கும் அப்படியா? நீ சொன்ன சின்ன இடைவெளியோட ஓரத்துல நிக்கற மரம்னா?

— எந்த ஓரம்? சூரியன் தெற்குப் பக்கமா சாஞ்சு போகும். அதனால தெற்கு ஓரம் நிழல்லயே கிடக்கும். வடக்கு ஓரத்து மரத்து மேல வெயில் நேரா அடிக்கும். அங்க இன்னும் சீக்கிரம்.

— அங்க நிக்கறச்சே எது வடக்குன்னு யாருக்குத் தெரியும்?

— உனக்கு எதுக்குத் தெரியணும்? நீ வெட்டவெளியிலதானே தொலைச்சே?

— சும்மா கேட்டேன். இன்ட்ரஸ்டிங்கா இருக்கு.

— நாம படிச்ச கோர்படி ஸ்கூல்ல ஜாகிரஃபி பீரியட்ல என் தோள்ல சாஞ்சு தூங்கினவ இன்னிக்கு வடக்கு தெற்கு கேக்குறா. இரு, இந்த போட்டோ என்னது? நான் சொன்ன மாதிரி ஒரு சின்ன இடைவெளி, அதோட ஓரத்து மரத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கிறியே.

— வழியில எங்கேயோ எடுத்தான்.

— ஒரு கையில மட்டும் க்ளவுஸ் இல்ல.

— கை வேர்த்தது. கழட்டினேன்.

— அந்தப் பனியில வேர்த்துச்சா உனக்கு? சரி, கழட்டினேல்ல. அப்போதான்டி. க்ளவுஸை இழுக்கும்போது மோதிரமும் கூடவே வந்திருக்கும். வெட்டவெளியில க்ளவுஸைப் போட்டுக்கிட்டுதானே விளையாடினீங்க?

— இல்ல சஹானா, அங்க விழலை.

— விழுந்தது தெரிஞ்சிருந்தா நீ எடுத்திருக்க மாட்டியா? மத்தியான வெயில் நேரா உன் மூஞ்சியில அடிக்குது பாரு. அப்போ நீ நிக்கிறது வடக்கு ஓரம். இப்போ அங்க மண்ணுதான் இருக்கும்.

— நீ யாருக்கு வாய்ஸ் மெசேஜ் போடறே?

— ஷ்ரேயஸ், சஹானா பேசறேன். வெட்டவெளியில தேடாதீங்க. ப்ரீதி ஒரு மரத்துல சாஞ்சு நிக்கிற போட்டோ இருக்கில்ல, அந்த மரத்தடியில தேடுங்க. பனி போயிருக்கும். டிடெக்டர் கூட வேணாம், கண்ணுக்கே தெரியும்.

— ஏன்டி அனுப்பினே?

— உன் கல்யாணம் நடக்கணும்னுதான். ஏன், மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?

— அதை அழிச்சுடு, ப்ளீஸ்.

— கேட்டுட்டான், நீல டிக் வந்துடுச்சு. அடிக்கிறது உன் போன்தான். அவன்தான், சந்தோஷம் தாங்காம கூப்பிடறான். எடு.

— நிழல்தானே, அங்க பனி போகவே போகாதுன்னு நினைச்சுட்டேன்.

— என்னடி சொல்றே? முதல்ல போனை எடு.

— ஷ்ரேயஸ், சஹானா சொன்ன இடம் சரிதான், போய் எடுத்துண்டு வந்து மாமிகிட்டயே குடுத்துடு. அது விழலை. உன்னைக் கல்யாணம் பண்ணிக்க வேண்டாம்னு சொல்ல வாய் வராம, நானே கழட்டி அந்த மரத்தடியில புதைச்சுட்டு வந்தேன்.