எழுபத்திரண்டு பிள்ளைகளின் அப்பா

காலையில் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறி, மூணு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் லேப்டாப் பையை மடியில் வைத்திருந்தவர் தன் நண்பரிடம் சாதாரணமாகச் சொன்னார்.

“போன வாரத்துலேர்ந்து எனக்கு எழுபத்திரண்டு புள்ளைங்கடா.”

“உனக்கு இன்னும் பொண்ணே பாக்கலியேடா.”

“விழுப்புரத்துல ஒரு ஸ்கூலுக்கு ஆன்லைன் அட்மிஷன் ஃபார்ம் செஞ்சு குடுத்தேன்ல. அதுல மேல அப்பா பேரு, கீழ புள்ளைங்க பேரு. அப்பாவ மொதல்ல சேவ் பண்ணி, அவருக்கு கம்ப்யூட்டர்ல விழுற நம்பர புள்ளைங்களுக்கும் போடணும். நான் டெஸ்ட் பண்றப்ப என்னையே அப்பனா போட்டு, அந்த நம்பர ப்ரோக்ராம்ல அப்டியே உட்டுட்டேன். யாரு ஃபார்ம் போட்டாலும் புள்ளைங்க எங்கிட்ட வந்து ஒட்டிக்கினு நிக்குது.”

“சரி பண்ண வேண்டிதானே?”

“அதுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸுன்னு பீத்திக்கினு வாங்குன வேலை வேற.”

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அவர் போனில் மெசேஜ் வந்தது.

“மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு இன்னிக்கு வரலயாம். அப்பனுக்குப் போவ வேண்டிய மெசேஜ் எனக்கு வருது. பெத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது.”

பெற்றோர் போன் நம்பர்களை எழுதிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த நோட்டில் அந்தப் பொண்ணு வீட்டு நம்பரைத் தேடிப் போட்டார்.

“அம்மா, உங்க பாப்பா இன்னிக்கு ஸ்கூலுக்கு வரலீங்க. வீட்லதான் இருக்குதா? ஜுரமா? சரிங்க, பாத்துக்குங்க.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“நானுங்களா? கம்ப்யூட்டர்ல பாப்பாவுக்கு அப்பாங்க.”