உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி போஸ்டர் அடித்தது குறித்து அட்வோவா போமா சொன்னது

பெயர் அட்வோவா போமா. வயது 27. தகப்பனார் காலஞ்சென்ற யாவ் நிம்பா. தொழில் போஸ்டர், பேனர், பெயர்ப்பலகை வடிவமைத்தல். எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை. முகவரி: குமாசி, பன்டாமா, டாக்ஸி நிறுத்தச் சந்திப்புக்கு எதிரே பச்சை வண்ணம் அடித்த கன்டெய்னர் கடை.

விருப்பமில்லாவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றும், சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் சார்ஜன்ட் அகோர்லி எனக்கு ட்வி மொழியில் எடுத்துச் சொன்னார். வெளிச்சாட்சியாக, நிலைய வாசலில் வாச்சே சோறு விற்கும் ஹாஜியா அடிசா என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார். எல்லாம் புரிந்துதான் சொல்கிறேன்.

நான் நான்கு வருடம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். போன வருடம் ஈஸ்டருக்குப் பிறகு அதை விட்டுவிட்டு, தனியாகத் தொழில் செய்யலாம் என்று இந்தக் கடையைப் பிடித்தேன். முதல் ஆறு மாதத்தில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் பலகையும் ஒரு சபைக்கு பேனரும் செய்தேன், அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் பழைய வேலையைக் காட்டச் சொன்னார்கள். அச்சகத்தில் செய்ததெல்லாம் அச்சகத்துக்குச் சொந்தம், ஒன்றையும் காட்டக் கூடாது என்று முதலாளி எழுதி வாங்கியிருந்தார்.

எங்கள் ஊரில் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அஞ்சலி போஸ்டர் செய்தாக வேண்டும். சனிக்கிழமைதோறும் இழவு உண்டு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் திங்கள், செவ்வாயில் சந்திப்புச் சுவருக்கு முன்னால் நின்று, ஒட்டியிருக்கும் போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எது பிடிக்கிறதோ அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். வாடிக்கை வருகிற வழி அதுதான். ஆகவே நானும் ஒரு மாதிரி போஸ்டர் செய்து சுவரில் ஒட்டினேன். இணையத்தில் கிடைத்த யாரோ ஒரு கிழவரின் படத்தை அதில் போட்டிருந்தேன். பார்த்தவர்கள், "இந்த அமெரிக்காக்காரரு நம்ம பன்டாமால யாருக்குச் சித்தப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு என் கடைக்குப் பின்வீட்டில் இருக்கும் க்வாஜோ அம்போமா இதைக் கேள்விப்பட்டு வந்தார். வயது 68. டெச்சிமான் பாதையில் கிழங்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரைத் தாத்தா என்ற பொருளில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். தன் முக அழகைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. கென்டே துணி போர்த்தி எடுத்த படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "என்னப் போடுடி. செத்தா எப்படி இருப்பேன்னு நானும் பாக்கணுமில்ல?" என்றார். உயிரோடிருப்பவரைப் போடுவது ஆகாது என்று இரண்டு தடவை மறுத்தேன். "ஆயுசு என்னுது. உனக்கென்ன நோகுது?" என்றார். வயதைக் கேட்டபோது, "தொண்ணூறு போடு. சாவறதுன்னு ஆனப்புறம் கஞ்சத்தனம் எதுக்கு? அப்பதான் நெறஞ்ச வயசுன்னு அடக்கத்தன்னிக்கு வெள்ளைத் துணி உடுத்தி ஆடுவாங்க" என்றார்.

பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டேன். யா அச்சியா, கொஃபி, அக்கொசுவா என்று மூன்று சொன்னார். இவர்களைத் தெருவுக்கே தெரியும். எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அராபா" என்று நான்காவது பெயரைச் சொன்னார். அது கடற்கரைப் பக்கத்துப் பெயர். அவருடைய குடும்பத்தில் அப்படி யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பெயர் விட்டுப்போனாலோ வரிசை மாறினாலோ இழவு வீட்டில் நாற்காலி பறக்கும். அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் பெயர்களைத் தனித்தாளில் எடுத்து, சொன்னவரையே ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட வைத்து, அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அது மாதிரி போஸ்டர்தான் என்றாலும் பழக்கதோஷத்தில் அவரிடமும் வாங்கினேன். அவர் மூன்று பெயருக்கு டிக் போட்டார். பிறகு, "வயசு வரிசையிலதானே போடுவீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைசியில் இருந்த அராபா என்ற பெயரிலிருந்து ஒரு கோட்டை இழுத்துக்கொண்டுபோய், எல்லாவற்றுக்கும் மேலே அம்புக்குறி போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

போஸ்டரில் 'மாதிரி' என்ற சொல்லைக் கட்டாயம் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குறுக்கே பெரிதாகப் போட்டுப் பார்த்தேன், முகத்தைக் கெடுத்தது. ஆகவே கீழே, துணியின் பழுப்பு நிறத்தின்மேல் அதைவிடக் கொஞ்சம் வெளிர்ந்த பழுப்பில் போட்டேன். அழகாக இருந்தது. ஆனால் யாரும் படிக்க முடியாது. இது என் குற்றம், வேறு யாருடையதும் அல்ல.

திங்கட்கிழமை சந்திப்பில் ஒட்டினேன். நானா போய் எதிரே நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்து, மூக்கு நன்றாக விழுந்திருக்கிறது என்று சொன்னார். செவ்வாய் காலை டெச்சிமானில் இருக்கும் தம்பியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவருடைய கைப்பேசியில் எப்போதும் சார்ஜ் இருக்காது. புதன்கிழமை நான் ஒரு சலூன் முகப்பை அளக்க ஏணியில் நின்றேன். இறங்கிப் பார்த்தால் இருபத்துமூன்று அழைப்புகள் தவறியிருந்தன. விளம்பரம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு கடைக்குத் திரும்பியபோது நானாவின் வாசலில் பந்தல் நின்றது. துக்கத்துக்கு உடுத்தும் சிவப்பிலும் கறுப்பிலும் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். யாரோ போஸ்டரைப் படமெடுத்து அனுப்பியதில் ஊர் முழுக்கவும் வெளியூர்களுக்கும் பரவிவிட்டிருந்தது. தொண்ணூறு வயதை மறைத்து எத்தனை இளமையாக இருந்தார் பார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாதிரி என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நானா டாக்ஸியில் வந்து இறங்கி, "எங்க வீட்ல யாருடி செத்தா?" என்று கேட்டார். அவருடைய தங்கை மயங்கி விழுந்தார். எழுந்ததும் செருப்பைக் கழற்றி முதலில் அவரையும் அடுத்து என்னையும் அடித்தார். அதைப் பார்த்து, அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அப்போது யா அச்சியா சுவரிலிருந்து கிழித்துவந்த போஸ்டரை நீட்டி, "அப்பா, என் பேருக்கு மேல ஒக்காந்திருக்கிற இந்த அராபா யாரு?" என்று கேட்டார். நானா என்னைப் பார்த்தார். பிறகு, "எனக்கென்ன தெரியும், இந்த டிசைன் பொண்ணு ஏதோ கைதவறிப் போட்டிருக்கும்" என்றார். அவர் பயந்திருந்தார் என்று தெரிந்ததால் சும்மா இருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடற்கரை ஊரான தகோராடியிலிருந்து பஸ்ஸில் வந்தார். கறுப்புத் துணி, புதுச் செருப்பு, கையில் இரண்டு பை. அவர்தான் அராபா. நானா முற்றத்தில் உட்கார்ந்து அவித்த கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என் கடைப் பின்கதவிலிருந்து பார்த்தேன். அராபா பைகளைக் கீழே வைக்கவில்லை. வீட்டார் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நானா தட்டைப் பார்த்தபடியே என் கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

அராபா என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பாக்கெட் தண்ணீர் கொடுத்தேன். "இந்த வயசுல என் பேரு மொத தடவையா அவரு பேருக்குக் கீழ வந்திருக்கு. அவரு சொல்லாமத்தான் போட்டியா, தங்கச்சி?" என்று கேட்டார். நானா கையெழுத்திட்ட அந்தப் பெயர்த்தாள் என் மேசை இழுப்பறையில், அராபாவுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. பின்வீட்டுக் கூச்சலுக்குப் பயந்து நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. அவர் போஸ்டரில் ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். தன் பெயர்மீது மடிப்பு விழாதபடி இரண்டு தடவை மாற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மதிய பஸ்ஸில் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை யா அச்சியா என் கடைக்கு வந்தார். இவர் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவர், துணி வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். "பேரு தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு, போதும். எங்க வரிசையில முப்பது கடை. முப்பது போர்டும் உனக்குத்தான். மாட்டேன்னா, அப்பாவை உசிரோட சாவடிச்சேன்னு போலீஸுக்குப் போவேன்" என்றார். சனிக்கிழமை வரை டைம் கேட்டேன். அன்று சாயங்காலம் முப்பது பலகையையும் மனதுக்குள் வரைந்து நிறம்கூடக் கொடுத்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு மாதம் வாடிக்கைக்கு ஏங்கியவளுக்கு அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த ஒரு வரியை எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் அந்தப் பெண் போஸ்டரை மடித்த விதம்தான் கண்முன் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதவில்லை. அதனால் இந்தப் புகார் வந்திருக்கிறது.

உயிரோடிருப்பவரை அஞ்சலி போஸ்டரில் போட்டதும், 'மாதிரி' என்ற சொல்லைப் படிக்க முடியாமல் போட்டதும் நான்தான். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன். அராபா என்ற பெயரை நான் போடவில்லை. அதைச் சொன்னதும், முதல் இடத்துக்குக் கொண்டுபோனதும் க்வாஜோ அம்போமாதான். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஹாஜியா அடிசா, "எழுதுங்க சார், எழுதுங்க" என்றார். க்வாஜோ அம்போமாவின் கையெழுத்தும் அம்புக்குறியும் உள்ள தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஒரு நகலை எனக்குத் தர வேண்டும். அதைத் தகோராடிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

சார்ஜன்ட் இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். சொன்னபடியே இருக்கிறது. இவற்றில் ஒன்றும் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதல்ல, பயமுறுத்தி வாங்கப்பட்டதும் அல்ல. ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். மேல் உறையில் புகார்தாரர் என்ற இடத்தில் 'க்வாஜோ அம்போமாவின் மூத்த மகள் யா அச்சியா' என்று எழுதியிருந்தது. மகள் என்பது சரி. 'மூத்த' என்பதை அடிக்கச் சொன்னேன். அடித்து, ஓரத்தில் சார்ஜன்ட் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்.

(ஒப்பம்) அட்வோவா போமா
வெளிச்சாட்சி: ஹாஜியா அடிசா, இடது பெருவிரல் ரேகை